கேளிக்கைக் குளமும் கீழூரார் உயிரும்

தன் நிலத்தில் தன் பணத்தைச் செலவிட்டு ஒருவர் கரை போட்டு நீரைத் தேக்கிக்கொள்கிறார். அதில் மீன் வளர்க்கிறார், படகு விடுகிறார், கோடை காலத்தில் நண்பர்களை அழைத்து விருந்து வைக்கிறார். இதில் சர்க்காருக்கு என்ன வேலை, ஊராருக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சொத்துரிமையைப் பற்றி நயமாகப் பேசத் தெரிந்தவர்களே இந்தக் கேள்வியை அதிகமாகக் கேட்கிறார்கள். குளம் அவருடையது என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். பத்திரத்தில் எழுதிய நான்கெல்லைக்குள் அடங்கி நிற்கும்வரை அந்த ஜலம் அவருடைய சொத்துதான். கரை உடைந்த பிற்பாடு அது யாருடையது? பள்ளத்தில் குடியிருப்பவனுடைய வாசற்படியை அது தாண்டும்பொழுது அவனுடைய அனுமதியை யார் கேட்டார்கள்?

இந்தக் கேள்விக்கு விடை காண்பதற்குக் கற்பனை ஒன்றும் வேண்டியதில்லை. ஐக்கிய அமெரிக்காவில், பென்ஸில்வேனியா ராஜ்யத்தில், ஜான்ஸ்டவுன் என்ற தொழிற்பட்டணம் 1889ஆம் வருஷம் மே மாதம் 31ந் தேதி இதற்கு விடை கண்டது. இரும்புத் தொழிலாளிகள் நிறைந்த ஊர் அது. ஊருக்கு 14 மைல் மேலே, மலையில், சுமார் 450 அடி உயரத்தில், 72 அடி உயரமும் 931 அடி நீளமும் உள்ள மண்கரை ஒன்று இருந்தது. கால்வாய்ப் போக்குவரத்துக்குத் தண்ணீர் வேண்டுமென்று ராஜ்ய சர்க்கார் கட்டத் தொடங்கி 1853இல் முடித்த கரை அது. முடிப்பதற்குள்ளேயே ரயில் பாதை வந்துவிட்டது, கால்வாய் வீணாயிற்று. சர்க்கார் ரயில் கம்பெனிக்கு விற்றது. 1862இல் கரை ஓரிடத்தில் உடைந்தது. ஏரியில் நீர் குறைவாக இருந்ததால் அன்று பெருஞ்சேதமில்லை. 1875இல் சொத்து மற்றொருவர் கைக்கு மாறியது. அவர் காங்கிரஸ் சபையில் அங்கத்தினராக இருந்தவர். கரைக்கு அடியில் நீரை வெளியேற்றுவதற்காகப் பதித்திருந்த இரும்புக் குழாய்களைப் பெயர்த்தெடுத்துப் பழைய இரும்பாக விற்றுக் காசாக்கிக்கொண்டார். நம் ஊர் ஏரியில் மதகையும் தூம்பையும் பிடுங்கி விற்றவனை ஜனங்கள் என்ன பெயரிட்டு அழைப்பார்கள் என்பதை நாம் எழுத வேண்டியதில்லை.

1879இல் அந்தக் கரையும் ஏரியும் பிட்ஸ்பர்க் நகரத்துச் சீமான்களின் சங்கம் ஒன்றுக்கு வந்தன. மீன் பிடிக்கவும் வேட்டையாடவும் ஏற்பட்ட சங்கம். ஆண்ட்ரூ கார்னகி, ஹென்றி பிரிக், ஆண்ட்ரூ மெல்லன் முதலிய கோடீசுவரர்கள் அதில் அங்கத்தினர்கள். உலகத்து எஃகு உற்பத்தியைத் தம் கைவிரலால் ஆட்டிவைத்த இவர்களுக்கு நாலு இரும்புக் குழாய் வாங்கிப் பதிக்கப் பணமில்லை என்று எவரும் சொல்ல முடியாது. ஆயினும் குழாய்கள் திரும்பப் பதிக்கப்படவேயில்லை. உடைப்பை மண்ணும் கல்லும் குப்பையும் போட்டு அடைத்தார்கள். கரையின் மேல் கோச்சு வண்டிகள் எதிரும் புதிருமாகப் போகவேண்டுமென்று அதன் தலையைச் சில அடி தாழ்த்தி அகலப்படுத்தினார்கள். வெள்ளநீர் வழிந்தோட இருந்த கலிங்கின் வாயில், விலை கொடுத்து வாங்கி விட்ட மீன்கள் தப்பிப் போகாமலிருக்க இரும்புச் சல்லடை வைத்தார்கள். நாளடைவில் கரையின் நடுப்பாகம் சற்று அமிழ்ந்தது. மண்கரை எதுவானாலும் நடுவில் உயர்ந்திருக்க வேண்டுமென்பது நம் கிராமத்து நீர்க்கட்டிக்கும் தெரிந்த விஷயம். நீர் கரை கடந்து வழிந்தால் ஓரத்தில் வழியட்டும், கரையின் மிக உயரமான நடுவிடத்தில் வழியலாகாது என்பதே காரணம்.

யாரும் எச்சரிக்கவில்லையா? எச்சரித்தார்கள். அதுவும் ஏழைகளல்ல. ஜான்ஸ்டவுன் கேம்ப்ரியா இரும்புக் கம்பெனியின் தலைவர் டேனியல் மாரெல் 1880இல் தம் இன்ஜினீயர் ஒருவரை அனுப்பிக் கரையைப் பார்வையிடச் செய்தார். நீரை இறக்குவதற்கு மார்க்கமில்லை, மராமத்து சரியாகச் செய்யப்படவில்லை, கசிவு இருக்கிறது என்று அவர் எழுதிக்கொடுத்தார். செலவில் ஒரு பகுதியைத் தம் கம்பெனி ஏற்றுக்கொள்ளவும் தயார் என்று மாரெல் சொல்லிப் பார்த்தார். எங்கள் முயற்சியினால் உமக்கும் உம்மைச் சேர்ந்தவர்களுக்கும் யாதொரு அபாயமும் கிடையாது என்ற கருத்தில் சங்கத்திலிருந்து பதில் வந்தது. மாரெல் 1885இல் காலஞ்சென்றார்; பதில் எழுதியவர் 1887இல் காலஞ்சென்றார். கடிதங்களும் கரையும் எஞ்சின.

அந்த மே மாதக் கடைசியில் பெருமழை பெய்தது. 31ந் தேதி காலையில் ஏரி நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறிற்று. சங்கத்தின் தலைவரே ஆட்களைத் திரட்டிக் கரையின் மேல் மண் போட்டு உயர்த்தப் பார்த்தார். மற்றொரு பக்கத்தில் புதுக் கலிங்கு வெட்டப் பார்த்தார். சல்லடையில் அடைத்துக்கொண்டிருந்த மரக்கிளைகளையும் குப்பையையும் நீக்கப் பார்த்தார். எல்லாம் காலங்கடந்த காரியம். சங்கத்தின் இளம் இன்ஜினீயர் குதிரையேறிக் கீழேயுள்ள ஊருக்கு ஓடிச் சொன்னார். தந்திகளும் போயின. ஆனால் மழைக்காலந்தோறும் “கரை உடையப் போகிறது” என்று கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன ஊரார் அதைப் பொருட்படுத்தவில்லை. இதில் ஊராரைக் குறை கூறுவோர் உண்டு. நமக்கு அதில் சம்மதமில்லை. வருஷந்தோறும் உண்மையான பயத்தோடு படுத்துறங்கிக் காலையில் எழுந்து ஆலைக்குப் போகும்படி மனிதர்களை வைத்திருப்பதே ஒரு குற்றம்.

பிற்பகல் மூன்று மணி சுமாருக்குக் கரை போயிற்று. சுமார் ஒரு கோடியே 45 லட்சம் கனமீட்டர் நீர் பள்ளத்தாக்கில் இறங்கிற்று. மரங்களையும் வீடுகளையும் ரயில் எஞ்சின்களையும் வாரிக்கொண்டு 4 மணி 7 நிமிஷத்துக்கு ஜான்ஸ்டவுன் வந்து சேர்ந்தது. அடித்துவந்த பொருள்களெல்லாம் கல் பாலத்தில் சிக்கி மலைபோலக் குவிந்தன. அந்தக் குவியலில் தீப்பிடித்தது. நீரில் பிழைத்தவர்கள் பலர் நெருப்பில் மாண்டார்கள். இறந்தவர் தொகை 2,209. குடும்பம் குடும்பமாக ஒருவர்கூட மீதியில்லாமல் அழிந்தவை 99. எழுநூற்றுக்கு மேற்பட்ட பிரேதங்கள் இன்னாருடையவை என்று தெரியாமலே புதைக்கப்பட்டன.

இனி நியாயஸ்தலத்தின் கதையைக் கேளுங்கள். நாமும் அந்தத் தொழிலில் இருப்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். சங்கத்தின்மேல் வழக்குகள் போடப்பட்டன, ஒன்றும் ஜெயிக்கவில்லை. சங்கத்துக்கென்று சொத்து அதிகமில்லை. அங்கத்தினர்களுக்கோ தனிப்பட்ட பொறுப்பில்லை. நேர்ந்தது தெய்வச் செயல் என்பது வாதம். சங்கத்துக்காக வழக்காடிய வக்கீல் கம்பெனியின் கூட்டாளியான பிலாண்டர் நாக்ஸ் அந்தச் சங்கத்திலேயே அங்கத்தினர். பிற்காலத்தில் ஐக்கிய அமெரிக்காவின் அட்டர்னி ஜெனரலாகவும் வெளிநாட்டு மந்திரியாகவும் உயர்ந்தவர். சங்கத்தார் நிவாரணத்துக்கு ஆயிரம் கம்பளிகள் அனுப்பினார்கள். கார்னகி ஊருக்குப் புதிதாக ஒரு புஸ்தகசாலை கட்டிக்கொடுத்தார். இன்ஜினீயர்கள் சங்கத்தின் விசாரணைக் கமிட்டி 1891இல் வெளியிட்ட அறிக்கையில், கரையைத் தாழ்த்தாமலிருந்தாலும் அது உடைந்தே இருக்கும் என்று எழுதிற்று. நூற்றிருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு, 2016இல், ஆராய்ச்சியாளர்கள் மறுபடியும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். கரையைத் தாழ்த்தியதால் வெள்ளத்தை வெளியேற்றும் சக்தி வெகுவாகக் குறைந்துபோயிற்று, முதலில் கட்டியபடியே இருந்திருந்தால் அன்றைய மழையை அது தாங்கியிருக்கும் என்று முடிவு கண்டார்கள். கோச்சு வண்டிகளின் சௌகரியத்துக்காக வெட்டியெடுத்த சில அடி மண்ணின் விலை இன்னதென்று தெரிந்துகொள்ள உலகத்துக்கு அத்தனை காலம் பிடித்தது.

பென்ஸில்வேனியா ராஜ்யம் இதன் பிறகாவது விழித்துக்கொண்டதா? இல்லை. 1911இல் ஆஸ்டின் என்ற ஊருக்கு மேலே காகித ஆலைக்காரர்கள் கட்டிய அணை உடைந்து 78 பேர் மாண்டார்கள். அதன்பின் 1913இல்தான் அணைகளைக் கண்காணிக்கும் அதிகாரத்தைச் சர்க்கார் சட்டமூலம் எடுத்துக்கொண்டது. முந்திய 2,209 சாவுகள் போதாமற்போயின.

இவையெல்லாம் பெரிய அணைகள், சிறு குளத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் எதற்கு என்று கேட்கலாம். அப்படிக் கேட்பவர்கள் 1977ஆம் வருஷம் நவம்பர் 6ந் தேதி ஜார்ஜியா ராஜ்யத்தில் டொக்கோவா என்ற இடத்தில் நடந்ததை அறிந்துகொள்வது நலம். அங்கே கெல்லி பார்ன்ஸ் என்ற குளம். பரப்பு 40 ஏக்கர். கரை சுமார் 40 அடி உயரம், 400 அடி நீளம். மின்சாரம் எடுப்பதற்காகத் தோன்றிப் படிப்படியாக உயர்த்தப்பட்டது. 1957க்குப் பிறகு மின்சார உற்பத்தியும் நின்றுவிட்டது. அதற்குப் பின் அது வெறும் பொழுதுபோக்குக் குளம். உடைமையாளர் பேராசைக்காரரல்ல, பாதிரிமார்களுக்குப் பயிற்சி தரும் ஒரு கல்லூரி. கரையின் கீழ்ச்சரிவில் மரங்கள் வளர்ந்திருந்தன. 1973இலேயே சரிவில் ஒரு பகுதி சரிந்திருந்தது பிற்பாடு கிடைத்த போட்டோ படத்தில் தெரிகிறது. மழை பெய்த ஓர் இரவில், ஒன்றரை மணிக்கு, கரை உடைந்தது. நீர் அருவியின் மேல் பாய்ந்து கீழேயிருந்த கல்லூரிக் குடியிருப்பின்மேல் விழுந்தது. 39 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். தூக்கத்திலிருந்தவர்கள் ஓடவும் நேரமில்லை.

நல்லெண்ணமுள்ளவர்கள் கையிலிருந்தும் குளம் உடையும் என்பதுதான் டொக்கோவாவில் நாம் கவனிக்கவேண்டிய அம்சம். கல்லூரிக்காரர் எவருக்கும் தீங்கு நினைக்கவில்லை; தம் பிள்ளைகளையே கரைக்குக் கீழே குடிவைத்திருந்தார்கள். அவர்களிடம் இல்லாதது கரையைப் பார்வையிட்டு, இது தகாது என்று சொல்லும் அதிகாரமுள்ள ஓர் உத்தியோகஸ்தர். ஜார்ஜியாவில் அதுவரை அணைப் பாதுகாப்புக்குச் சட்டமே கிடையாது. மறு வருஷம் 1978இல் வந்தது. தேசிய சர்க்காரோ 1972இலேயே அணைகளைச் சோதிக்கச் சட்டம் செய்து, செலவுக்குப் பணம் ஒதுக்காமல் அலமாரியில் வைத்திருந்தது. ஜனாதிபதி கார்ட்டர் ஜார்ஜியாக்காரர். அவர் உத்தரவின் பேரில் ராணுவ இன்ஜினீயர்கள் ஏறத்தாழ 9,000 அணைகளைப் பார்வையிட்டார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அபாயமான நிலையில் இருப்பதாகக் கண்டார்கள். பார்வையிடுமுன் அந்த மூவாயிரம் கரைகளின் கீழும் ஜனங்கள் நிம்மதியாகவே தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

இங்கிலாந்துச் சட்டம் இந்த விஷயத்தில் பட்ட பாடு ருசிகரமானது. லங்காஷயரில் ஓர் ஆலைக்காரர் வெட்டிய நீர்த்தேக்கம் பக்கத்துச் சுரங்கத்தில் பாய்ந்த வழக்கில், ஆபத்தான பொருளைத் தன் நிலத்தில் கொண்டுவந்து சேர்ப்பவன் அது தப்பினால் கவனக்குறைவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நஷ்டம் தரவேண்டும் என்று பிரபுக்கள் சபை 1868இல் தீர்ப்பளித்தது. ரைலண்ட்ஸ் எதிர் பிளெட்சர் என்ற அந்தத் தீர்ப்பை அறியாத வக்கீல் இல்லை. ஆனால் எட்டு வருஷத்துக்குள் அதில் ஓட்டை விழுந்தது. செஷயரில் ஒரு மாளிகைத் தோட்டத்தில் அழகுக்காக ஓடையை மறித்து அமைத்த குளங்கள் 1872இல் பெருமழையில் உடைந்து நான்கு பாலங்களை அடித்துச் சென்றன. மனிதர் நினைவில் காணாத மழை, ஆகவே தெய்வச் செயல், ஆகவே உடைமையாளர் பொறுப்பல்ல என்று 1876இல் நிக்கல்ஸ் எதிர் மார்ஸ்லண்ட் வழக்கில் முடிவாயிற்று. பாலங்களின் நஷ்டம் ஜனங்களின் தலையில் விழுந்தது. பிறகு ஸ்காட்லாந்தில் கிரீனாக் நகரசபை குழந்தைகள் விளையாட ஓடையின் போக்கிலே ஒரு குளம் கட்டி, அது வழிந்து ரயில்வேக்குச் சேதம் விளைந்த வழக்கு 1917இல் பிரபுக்கள் சபைக்கு வந்தது. ஓடையின் இயற்கை வழியை மறிப்பவன் எவ்வளவு மழை வந்தாலும் பழைய வழிக்குச் சமமான வழி செய்து தரவேண்டியவன். மழை அசாதாரணமானது என்ற சாக்கு செல்லாது என்று அங்கே தீர்ந்தது. இரண்டு வழக்குகளும் கேளிக்கைக் குளத்தைப் பற்றியவை என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும்.

அமெரிக்காவிலோ, பென்ஸில்வேனியாவின் உச்ச நீதிமன்றம் ரைலண்ட்ஸ் தீர்ப்பின் கொள்கையை 1886இல் தள்ளிவிட்டிருந்தது. ஜான்ஸ்டவுன் அதற்கு மூன்று வருஷத்துக்குப் பிறகு வந்தது.

நம் நாட்டு ஏரிகளைப் பற்றியும் ஒரு பெயர்போன தீர்ப்பு உண்டு. சென்னை ராஜதானியில் கார்வேட்டிநகரம் ஜமீனில் ஏரிகள் உடைந்து ரயில் பாதையைச் சேதப்படுத்தின. ரயில் கம்பெனியார் ஜமீன்தார்மேல் தாவாச் செய்தார்கள். 1874இல் பிரிவி கௌன்சில் கம்பெனிக்கு விரோதமாகத் தீர்ப்பளித்தது. ஏரிகள் தொன்றுதொட்டு ஜனங்களின் ஜீவாதாரமாக இருப்பவை. ஜமீன்தார் அவற்றை விரும்பினால் வைத்துக்கொள்ளவும் விரும்பாவிட்டால் தூர்த்துவிடவும் சுதந்திரமுள்ளவரல்ல. அவற்றைக் காப்பாற்றுவது அவருடைய கடமை. ஆகையால் கவனக்குறைவு ருசுவானாலொழிய அவர் நஷ்டம் தரவேண்டியதில்லை என்பது சாராம்சம். அந்நிய ஆட்சியின் நீதிஸ்தலத்திலிருந்து வந்ததென்றாலும் இது நியாயமான தீர்ப்பு என்பதே நம் அபிப்பிராயம். ஆனால் இதையே கவசமாகப் பூண்டுகொண்டு இன்று ஒரு ஹோட்டல் முதலாளியோ தோட்டப் பிரபுவோ வந்தால் ஏமாந்துவிடக் கூடாது. ஜமீன்தாருக்கு விடுதலை கிடைத்த காரணம் அவர் ஏரியை வற்றடிக்க முடியாதவர் என்பதே. படகு விடக் குளம் கட்டியவர் நாளைக் காலையிலேயே அதை வற்றடிக்கலாம்; ஒரு காணி நிலமும் தரிசாகாது, ஒரு குடியும் பட்டினி கிடக்காது. தம் இஷ்டத்துக்கு அபாயத்தை வைத்துக்கொண்டிருப்பவர் அதற்கு முழு உத்தரவாதத்தையும் ஏற்பதில் அநியாயம் என்ன இருக்கிறது? 1986இல் நம் சுப்ரீம் கோர்ட், அபாயகரமான தொழில் நடத்துவோர் விஷயத்தில் தெய்வச் செயல் முதலான விலக்குகளையெல்லாம் தள்ளி முழுப் பொறுப்பை நிலைநாட்டியது. ஆலையிலிருந்து வெளியேறும் நச்சுவாயுவுக்குப் பொருந்தும் நியாயம், ஊருக்கு மேலே தொங்கும் ஜலத்துக்குப் பொருந்தாது என்று நாம் கருதவில்லை.

ஆனால் நஷ்டஈடு செத்தவர்களை எழுப்புவதில்லை. உடைவதற்கு முன் பார்ப்பதற்கு நமக்கு இருக்கும் சட்டம் 2021ஆம் வருஷத்து அணைப் பாதுகாப்புச் சட்டம். அது மாகாண உரிமையில் கைவைக்கிறதா என்ற தர்க்கத்தில் இங்கே இறங்கவில்லை. அதன் அளவுகோலைப் பற்றியே நாம் பேசுகிறோம். 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகள் அதற்குள் வரும். 10 முதல் 15 மீட்டர் உயரமுள்ளவை, கரை நீளம் 500 மீட்டராவது, கொள்ளளவு பத்து லட்சம் கனமீட்டராவது, வெளியேற்றவேண்டிய வெள்ளம் வினாடிக்கு 2,000 கனமீட்டராவது இருந்தால் வரும். அஸ்திவாரத்தில் விசேஷச் சிக்கலோ அசாதாரண அமைப்போ இருந்தாலும் வரும். பத்து மீட்டருக்குக் குறைந்தது வராது. இப்பொழுது டொக்கோவாக் குளத்தை இந்தப் படியில் அளந்து பாருங்கள். உயரம் 12 அல்லது 13 மீட்டர். நீளம் சுமார் 120 மீட்டர். உடைந்தபொழுது இருந்த நீர் எட்டு லட்சம் கனமீட்டருக்கும் குறைவு. அஸ்திவாரத்தில் கோளாறு என்று எவரேனும் முன்கூட்டி எழுதிவைத்திருந்தாலன்றி, 39 உயிர்களைக் குடித்த அந்தக் குளம் நம் சட்டத்தின் கண்ணில் அணையே அல்ல!

உயரத்தை அளப்பது சுலபம். அதனால் சட்டம் உயரத்தை அளக்கிறது. அளக்கவேண்டியது கரைக்குக் கீழே எத்தனை வீடுகள் இருக்கின்றன என்பது. ஜார்ஜியாவின் சட்டம் உடைந்தால் உயிர்ச்சேதம் நேருமா என்பதையே பார்த்து அணைகளைத் தரம் பிரிக்கிறது. பிரிட்டனில் 1925இல் வேல்ஸ் தேசத்து டால்கராக் கிராமத்தில் 16 பேர் மாண்ட பிறகு 1930இல் சட்டம் பிறந்தது. 1975இன் சட்டப்படி 25,000 கனமீட்டருக்கு மேல் நீர் தேக்குகிறவர் எவராயினும், தகுதிபெற்ற இன்ஜினீயரின் மேற்பார்வைக்கு உட்பட வேண்டும். வேல்ஸ் இந்த அளவை 2016இல் 10,000 ஆகக் குறைத்தது. நம்முடைய பத்து லட்சம் எங்கே, அவர்களுடைய பத்தாயிரம் எங்கே!

சிறு குளங்களையெல்லாம் சட்டத்துக்குள் கொண்டுவந்தால் ஏழைக் குடியானவன் பண்ணைக்குட்டை வெட்டினால்கூட உத்தியோகஸ்தன் வந்து கைநீட்டுவான் என்று ஆட்சேபம் சொல்லப்படும். இது உண்மையான ஆட்சேபம், லேசாகத் தள்ளுவதற்கில்லை. நிலமட்டத்துக்குக் கீழே தோண்டிய குட்டை உடையாது. அதை விட்டுவிடலாம். கரை எழுப்பி நிலத்துக்கு மேல் நீரை நிறுத்துவதும், கீழே குடியிருப்பு இருப்பதும், ஆகிய இரண்டும் சேர்ந்த இடத்தை மட்டுமே நாம் கேட்கிறோம். மலைச்சரிவுகளில் விடுதிகளும் வீட்டுமனைக் கம்பெனிகளும் ஓடையை மறித்து “ஏரிக்கரைக் காட்சி” விற்கும் இக்காலத்தில் அப்படிப்பட்ட இடங்கள் குறையப் போவதில்லை.

பார்வையிடுவதும் பிரமாதமான வித்தையல்ல. கலிங்கு போதிய அகலம் உள்ளதா, அதன் வாயில் சல்லடையோ செடிகொடியோ அடைத்திருக்கிறதா. கரையின் தலை மட்டமாக இருக்கிறதா, நடுவில் அமிழ்ந்திருக்கிறதா. கீழ்ச்சரிவில் மரம் வளர்ந்திருக்கிறதா, எலி வளை இருக்கிறதா. கசியும் நீர் தெளிவாக வருகிறதா, மண்ணை அரித்துக்கொண்டு கலங்கி வருகிறதா. அவசரத்தில் நீரை இறக்க மதகு திறக்குமா. ரத்னகிரி ஜில்லாவில் திவரே அணை 2019இல் உடைந்து இருபது பேரளவில் மாண்டபொழுது, நண்டுகள் கரையைத் துளைத்துவிட்டன என்று மகாராஷ்டிர மந்திரி ஒருவர் சொன்னார். கசிவைப் பற்றி முன்னமே முறையிட்டதாக ஊரார் சொன்னார்கள். அது சர்க்காருடைய அணை. சர்க்கார் தன் கரையைப் பார்க்காத நாட்டில் தனியார் கரையை யார் பார்ப்பது என்று ஒருவர் கேட்டால் நமக்குக் கோபம் வராது. இரண்டையும் பார்க்கவேண்டும் என்பதே நம் பதில்.

சட்டசபை அங்கத்தினர்கள் இந்த மழைக்காலத்துக்குள் மூன்று காரியங்களைக் கேட்டு வாங்கவேண்டும். ஒவ்வொரு ஜில்லாவிலும் தனியார் கரைகளின் ஜாபிதா ஒன்று தயாரித்துக் கீழூர்ப் பஞ்சாயத்துக்களில் ஒட்டவேண்டும். உயிருக்கு அபாயமுள்ளது என்று அதில் குறிக்கப்பட்ட கரையை வருஷத்துக்கொரு முறை உடைமையாளர் செலவில் இன்ஜினீயர் பார்வையிட்டு, அறிக்கையை அதே பஞ்சாயத்தில் வைக்கவேண்டும். மராமத்துச் செய்ய மனமில்லாத உடைமையாளரின் குளத்தை, கோர்ட்டுக்குப் போய்த் தடையுத்தரவு வாங்கி வருமுன், கலெக்டர் வற்றடித்துவிட அதிகாரம் வேண்டும். மீன்கள் போய்விடுமே என்று அப்பொழுது யாராவது விண்ணப்பம் போட்டால், அந்த விண்ணப்பத்தையும் பஞ்சாயத்தில் ஒட்டிவைக்கலாம்.